அப்லிஃப்ட் திட்டம்

எல்ம்பெர்ரி லிவிங் கம்பெனியில் இனி எதுவும் பழுதாகாது என்று ஜனவரியில் ஒரு சுற்றறிக்கை வந்தது. 'உடைந்தது', 'ஓடவில்லை', 'புகார்', 'பிரச்சினை' ஆகிய நான்கு சொற்களையும் ஊழியர்கள் எழுதவோ பேசவோ கூடாது. நான்குக்கும் சேர்த்து 'வாய்ப்பு' என்ற ஒரே சொல் போதும் என்று அதில் எழுதியிருந்தது. சுற்றறிக்கை எல்லாருக்கும் போய்ச் சேர்ந்தது. சி ப்ளாக் லிஃப்டுக்கு மட்டும் போய்ச் சேரவில்லை போலிருக்கிறது. பிப்ரவரி மூன்றாம் தேதி காலையில் அது இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவே நின்றுவிட்டது.

நல்லவேளை, உள்ளே யாரும் இல்லை.

ஹாஜா நஜ்முதீன் போய்ப் பார்த்தார். அவர்தான் அந்தக் குடியிருப்பின் பராமரிப்பு சூப்பர்வைசர். எடிசன் என்ற ஊருக்குப் பக்கத்தில், மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு வீடுகள். கீழக்கரையில் பிறந்து, துபாயில் பத்து வருடம் ஏசியும் லிஃப்டும் பார்த்துவிட்டு, மச்சான் ஸ்பான்சர் பண்ணி நியூ ஜெர்சிக்கு வந்தவர். பேச்சு குறைவு. கருவிப் பெட்டியைத் திறந்தால் முகத்தில் ஒரு நிம்மதி வரும். லிஃப்டின் மேலறைக்கு ஏறி, மூடியைக் கழற்றி, மோந்து பார்த்தார். கன்ட்ரோல் போர்டு எரிந்திருந்தது.

முன்பானால் இது ஒரு போன் வேலை. பழைய முதலாளி சால், கெட்ட வார்த்தை கலக்காமல் ஒரு வாக்கியம் பேசமாட்டார். நஜ்முதீனை, லிஃப்டை, லிஃப்டைக் கண்டுபிடித்தவனை எல்லாம் வரிசையாகத் திட்டுவார். திட்டி முடித்ததும், "வாங்கித் தொலை" என்பார். மறுநாள் போர்டு வந்துவிடும். சால் போன வருடம் எல்லாவற்றையும் விற்றுவிட்டு ஃப்ளோரிடா போய்விட்டார். எல்ம்பெர்ரி லிவிங் வாங்கியது.

வாங்கிய முதல் வாரமே ஊழியர்கள் எல்லாரும் ஒரே குடும்பம் என்று அறிவித்தார்கள். குடும்பத்தில் அப்போது ஒன்பது பேர். காலை எட்டரைக்கு வட்டமாக நின்று ஆளுக்கொரு நன்றி சொல்ல வேண்டும். நஜ்முதீன் தினமும், "ஹீட்டர் ஓடுது, நன்றி" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். கொஞ்சம் மாற்றிச் சொல்லும்படி எழுத்து மூலமாகக் கேட்டுக்கொள்ளப்பட்டார். வேலையை விட்டுப் போவதற்குப் 'பட்டமளிப்பு' என்று பெயர் வைத்தார்கள். நீக்கப்பட்டாலும் பட்டமளிப்புதான். தலையில் ஒரு அட்டைத் தொப்பி, கையில் ஒரு துண்டு கேக். பதினான்கு வருடம் வரவேற்பு மேசையில் இருந்த மரியா தொப்பியோடு அழுதுகொண்டே காரில் ஏறினாள். அந்தப் படம் கம்பெனியின் இணையப் பக்கத்தில் 'ஆனந்தக் கண்ணீர்' என்ற தலைப்போடு வந்தது. இப்படிப் பட்டம் பெற்றவர்கள் போக, லிஃப்ட் நின்ற அன்று குடும்பத்தில் மிச்சம் நான்கு பேர்.

'சி ப்ளாக் லிஃப்ட் ஓடவில்லை. கன்ட்ரோல் போர்டு எரிந்துவிட்டது. புதியது வேண்டும்' என்று நஜ்முதீன் கம்ப்யூட்டரில் கோரிக்கை டிக்கெட் போட்டார். அரை மணி நேரத்தில் அது திரும்பி வந்தது. பின்னாலேயே ஆதர்ஷும் வந்தான்.

ஆதர்ஷ் கம்பெனியின் மக்கள் அனுபவ இயக்குநர். முப்பத்து நான்கு வயது, சென்னைப் பையன். நாலு பேர் இருக்கும்போது இங்கிலீஷ். தனியாக இருந்தால் தமிழ்.

"பாய், உங்க டிக்கெட்ல எனர்ஜியே இல்லையே."

"கரண்ட்லாம் இருக்கு சார். போர்டுதான் எரிஞ்சிருக்கு."

"லிஃப்ட் எனர்ஜி இல்ல பாய். உங்க வார்த்தைல எனர்ஜி. 'எரிஞ்சிடுச்சு', 'ஓடல', 'வேணும்'... ஒரே நெகட்டிவ். ஹெட் ஆபீஸ்ல இத படிக்கிறவங்களும் மனுஷங்கதானே? அவங்க நாள் எப்படி ஸ்டார்ட் ஆகும்னு யோசிச்சு பாருங்க."

நஜ்முதீன் யோசித்துப் பார்த்தார். நாலாவது மாடி ராமசுப்ரமணியன் சாருடைய நாள் எப்படித் தொடங்கும் என்பதுதான் நினைவுக்கு வந்தது. சாருக்கு எழுபத்தெட்டு வயது; ஓய்வு பெற்ற பார்மசிஸ்ட். மனைவி அனந்தலக்ஷ்மி மாமிக்கு ஜனவரியில்தான் இடுப்பெலும்பு ஆபரேஷன். திங்களும் வியாழனும் பிசியோதெரபிக்குப் போயே ஆக வேண்டும். போகாவிட்டால் கால் மடங்காமல் போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மகள் தொலைவில், கலிஃபோர்னியாவின் சான்டா கிளாராவில்.

"நாலாவது மாடில ஒரு மாமி இருக்காங்க சார், இறங்கவே முடியாது."

"பார்த்தீங்களா, 'முடியாது'." ஆதர்ஷ் சிரித்துக்கொண்டே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "நான் ஹெல்ப் பண்றேன், நகருங்க."

அவன் எழுதியது இது: 'சி ப்ளாக் லிஃப்ட் தற்போது ஓய்வை அனுபவித்துக்கொண்டிருக்கிறது. அதன் அடுத்த பயணத்துக்குத் துணை நிற்க எங்கள் குழு ஆர்வமாக உள்ளது.'

தலைமை அலுவலகத்துக்கு அது மிகவும் பிடித்துப்போனது. ஓய்வில் இருப்பதை அவசரப்படுத்த வேண்டியதில்லை என்று முடிவு செய்து, பட்டியலில் கடைசிக்குத் தள்ளினார்கள். எழுபத்திரண்டு மணி நேரம் யாரும் தொடாத டிக்கெட்டை கம்ப்யூட்டர் தானே மூடிவிடும். மூடியது. சி ப்ளாக் முழுவதற்கும் பலூன் படம் போட்ட மெயில் போனது: 'உங்கள் வாய்ப்பு மகிழ்ச்சியுடன் நிறைவேறியது!'

ராமசுப்ரமணியன் சார் போன் செய்தார். "நஜ்முதீன், லிஃப்ட் சரியாயிடுத்துன்னு மெயில் வந்துதே. பட்டனை அமுக்கி அமுக்கி விரல்தான் வலிக்கறது."

"இன்னும் ஆகல சார்."

"அப்போ எது நிறைவேறித்து?"

நஜ்முதீன் இன்னொரு டிக்கெட் போட்டார். மறுநாள் திங்கட்கிழமை, தெரபி நாள். அவரும், இன்னொரு பராமரிப்பு ஆளான எக்வடார் நாட்டு ஹெக்டரும் நாலாவது மாடிக்கு ஏறினார்கள். கைப்பிடி வைத்த சாப்பாட்டு மேசை நாற்காலியில் மாமியை உட்கார வைத்து, இடுப்பைச் சுற்றி ஒரு பெல்ட் போட்டு, முன்னால் ஹெக்டர், பின்னால் நஜ்முதீன். ஐம்பத்தாறு படி.

"ஏம்ப்பா, ரொம்பக் கனக்கறேனா?"

"இல்ல மாமி. கண்ண மட்டும் மூடிக்கங்க."

"எதுக்கு மூடணும்? உற்சவ மூர்த்தி புறப்பாடு மாதிரின்னா இருக்கு. குடை ஒண்ணுதான் குறைச்சல்."

பின்னால் தடியும் கைப்பையுமாக வந்த சார் மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தார். கீழே வந்தபோது நஜ்முதீனின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. தெரபி முடிந்து வந்ததும் அதே ஐம்பத்தாறு படி ஏற வேண்டியிருந்தது. போர்டு வருகிற வரைக்கும்தானே என்று நினைத்துக்கொண்டார்.

மூன்றாவது முறை இறங்கும்போது ஆதர்ஷ் பார்த்துவிட்டான். ஓடி வந்து இருபது படம் எடுத்தான். கண் கலங்கியிருந்தது, அது உண்மையான கலக்கம்தான் என்பதை நஜ்முதீன் மறுக்கமாட்டார். கெடுதல் எல்லாம் அங்கிருந்துதான் தொடங்கியது.

அடுத்த வாரம் தலைமை அலுவலகத்திலிருந்து உபதலைவர் டிஃபனி அம்மையார் வீடியோவில் தோன்றினார். நான்கு பேரும் திரைக்கு முன்னால் நின்றார்கள். அம்மையார் இங்கிலீஷில் பேசியதன் சாரம் இது:

"லிஃப்ட் ஒரு இயந்திரம். இயந்திரம் உங்கள் பெயரைக் கேட்குமா? உங்கள் பேரக்குழந்தைகளை விசாரிக்குமா? நாம் இத்தனை காலம் மனிதர்களை ஒரு பெட்டிக்குள் அடைத்து மேலே அனுப்பிக்கொண்டிருந்தோம். எவ்வளவு தனிமை! ஹாஜா நமக்கு வேறொரு வழியைக் காட்டியிருக்கிறார். நேற்று அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு நான் செய்த முதல் காரியம், லிஃப்ட் உதிரிபாகங்களுக்கான கோரிக்கையை ரத்து செய்ததுதான். இந்த அழகான விஷயத்துக்கு நடுவே ஒரு இயந்திரம் வந்துவிடக் கூடாது."

எல்லாரும் கை தட்டினார்கள். நஜ்முதீனின் கையும் தட்டியது. தட்டிக்கொண்டிருக்கும்போதுதான் விஷயம் அவருக்கு விளங்கியது.

திட்டத்துக்கு 'அப்லிஃப்ட்' என்று பெயர் வைத்தார்கள். சி ப்ளாக்கின் நாற்பது வீட்டுக்காரர்களும் போனில் ஆப் இறக்கி, தூக்கிச் செல்ல நேரம் குறித்துக்கொள்ளலாம். ஆட்கள் மட்டும்தானா என்று ஒருவர் கேட்டதற்கு, அன்பை எப்படி வரையறுப்பது என்று பதில் போனது. அதன் பிறகு அரிசி மூட்டை வந்தது. உடற்பயிற்சி சைக்கிள் வந்தது. மூன்றாம் மாடியில் படியைக் கண்டால் பயப்படுகிற ஒரு கிழட்டு நாய் வந்தது. அதுவும் சும்மா வராமல் நஜ்முதீனின் காதை நக்கிக்கொண்டே வந்தது. பயணம் முடிந்ததும் பயணி நட்சத்திரம் போட வேண்டும். 'நல்ல மனிதர், ஆனால் சத்தமாக மூச்சு வாங்குகிறார்' என்று ஒருவர் மூன்று நட்சத்திரம் போட்டார். இனிமையாக மூச்சு விடுவது குறித்து நஜ்முதீனுக்கு நாற்பது நிமிட ஆன்லைன் பயிற்சி கொடுக்கப்பட்டது. தபால் பெட்டிகளுக்குப் பக்கத்தில் அவர் மாமியைத் தூக்கி வரும் படத்தை ஆளுயரத்துக்கு மாட்டினார்கள்.

ஹீட்டர்களைப் பார்க்க ஆள் இல்லை. ஏ ப்ளாக்கில் மூன்று வீட்டில் குளிர். அதெல்லாம் வாய்ப்புகளாகக் குவிந்துகொண்டிருந்தன.

மார்ச் பதினோராம் தேதி ஹெக்டருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. அவனுக்கும் பட்டமளித்தார்கள்.

அன்று மாலை வீட்டில் நஜ்முதீன் தரையில் மல்லாந்து படுத்துக் கிடந்தார். மகள் ஃபைஹா பதினொன்றாவது படிக்கிறாள். தமிழ் எல்லாம் புரியும். பதில் மட்டும் பாதி இங்கிலீஷில் வரும். அவரைத் தாண்டிப் போனவள் நின்றாள்.

"வாப்பா, ஆர் யூ ஓகே?"

"ஒண்ணுமில்லம்மா. நாயத் தூக்குனேன்."

"தட்ஸ் நாட் எ ஜாப், வாப்பா." அவள் போனில் தட்டி, ஊர் நிர்வாகமான டவுன்ஷிப்பின் பக்கத்தை எடுத்து அவர் முகத்துக்கு மேலே காட்டினாள். "லுக். டவுன்ஷிப் ஆபீஸ்ல கம்ப்ளெய்ன்ட் பண்ணலாம். ஒன் கால். எலிவேட்டர் இப்படி இருக்கறது இல்லீகல்."

நஜ்முதீன் மனைவியைப் பார்த்தார். ஷம்சாதுக்குப் பித்தப்பையில் கல். மூன்று மாதமாக வலி. பதினெட்டாம் தேதி ஆபரேஷன் என்று ஆஸ்பத்திரியில் நாள் கொடுத்திருந்தார்கள். இன்ஷூரன்ஸ் அவருடைய வேலையோடு வருவது.

"பதினெட்டு முடியட்டும்" என்றார். "பத்தொம்பதாம் தேதி காலைல மொத வேலையா நானே போன் பண்றேன். அதுவரைக்கும் தூக்கிருவேன்."

ஷம்சாத் தைலத்தை எடுத்துவந்து அவர் முதுகில் தேய்த்தாள்.

பதினான்காம் தேதி திங்கட்கிழமை. ஹெக்டர் இடத்துக்கு ஆள் வரவில்லை. மாமிக்குப் பத்தரைக்குத் தெரபி. "நான் இருக்கேன் பாய்" என்று ஆதர்ஷே சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்தான். தலைமை அலுவலகத்துக்கு ஒரு வீடியோ வேண்டியிருந்தது. முன்பக்கம் அவன் பிடித்தான்.

நாலாவது மாடியிலிருந்து மூன்றாவது வரைக்கும் ஒழுங்காக வந்தார்கள். அங்கே திருப்பத்தில் ஆதர்ஷ், "மாமி, இந்தப் பக்கம் பார்த்து ஒரு ஸ்மைல்" என்றபடி ஒரு கையை எடுத்து போனைத் தூக்கிப் பிடித்தான்.

"சார், ரெண்டு கையும்!" என்று நஜ்முதீன் கத்தினார்.

நாற்காலி முன்னால் சாய்ந்தது. நஜ்முதீன் முழங்காலை மடக்கிப் படியில் ஊன்றி மொத்தப் பாரத்தையும் தன் பக்கம் இழுத்தார். மாமி உருளவில்லை. ஆனால் பயத்தில் நீட்டிய கை கம்பியில் மோதியது. எலும்பு முறிகிற சத்தத்தை நஜ்முதீன் அதற்கு முன் கேட்டதில்லை. கேட்டவுடன் அது என்னவென்று தெரிந்தது.

மாமி கத்தவில்லை. "அவரைக் கூப்பிடுங்கோ" என்று மட்டும் சொன்னாள்.

ஆம்புலன்ஸ் போன பிறகு ஆதர்ஷ் நஜ்முதீனை அறைக்குக் கூப்பிட்டான். முகம் வெளுத்திருந்தது. திரையில் ஒரு படிவம். நடந்தது என்ன என்ற கேள்விக்கு மூன்று பதில்கள்தான் இருந்தன: 'இனிய திருப்பம்', 'கற்றல் தருணம்', 'எதிர்பாராத அமர்வு'. ஆதர்ஷ் மூன்றாவதைத் தேர்ந்தெடுத்திருந்தான். கீழே, 'குடியிருப்பாளர் தாமாகவே இயந்திரத்தைத் தவிர்த்து இச்சேவையை விரும்பினார்' என்று ஒரு வரி. அதற்குக் கீழே சாட்சிக் கையெழுத்துக்கு இடம்.

"சைன் மட்டும் பண்ணிடுங்க பாய். மாமிக்கு பெரிய பொக்கே அனுப்பறோம்."

"அந்தம்மா கை ஒடஞ்சு போச்சு சார்."

"தெரியும்."

"அப்ப அத எழுதுங்க."

"எழுதினா நான் காலி." ஆதர்ஷ் கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "என் ஹெச்-ஒன் விசா இவங்க கைல இருக்கு பாய். வேலை போனா அறுபது நாள்ல நாட்ட விட்டே கிளம்பணும். வொய்ஃப் ப்ரெக்னன்ட். நான் கெட்டவன் இல்ல. எனக்கும் தெரியும், இதெல்லாம் நான்சென்ஸ்னு. முதல்ல நடிச்சுட்டுதான் இருந்தேன். இப்ப வீட்ல குக்கர் வேலை செய்யலன்னா கூட வாய்ப்புன்னுதான் வாய்ல வருது."

நஜ்முதீனுக்கு அவன் மேல் பரிதாபமாகத்தான் இருந்தது. பரிதாபப்பட்டபடியே எழுந்தார். கையெழுத்துப் போடவில்லை.

வீட்டுக்கு வந்து ஷம்சாதிடம் நடந்ததைச் சொன்னார். படியில் ஊன்றிய முழங்கால் வீங்கியிருந்தது. இன்னும் நாலு நாள்தானே என்று நினைத்தது தன் தப்பு என்றார். போன வாரமே அந்த ஒரு போனைப் பண்ணியிருந்தால் அந்தம்மா கை முழுசாக இருந்திருக்கும் என்றார்.

"நானுந்தான் பேசாம இருந்தேன்" என்றாள் ஷம்சாத். பிறகு அவருடைய போனை எடுத்து அவர் கையில் வைத்தாள். "நாலரைக்கு ஆபீஸ் மூடிருவாங்க. இப்பவே பேசுங்க."

"பேர் கேப்பாங்க."

"சொல்லுங்க. உங்க வாப்பா வச்ச பேருதானே?"

மறுநாள் காலை டவுன்ஷிப்பிலிருந்து தடித்த கண்ணாடி போட்ட ஒரு பெண் இன்ஸ்பெக்டர் வந்தாள். லிஃப்டைப் பார்த்தாள். ஆளுயரப் படத்தையும் பார்த்தாள். ஆதர்ஷ் அப்லிஃப்ட் திட்டத்தைப் பற்றி ஆறு நிமிடம் விளக்கினான். அவள் குறுக்கே பேசாமல் கேட்டுவிட்டு, "இந்த லிஃப்ட் உடைந்திருக்கிறது" என்றாள். அந்தக் கட்டிடத்துக்குள் எந்த இயந்திரத்தைப் பற்றியும் அந்தச் சொல்லை யாரும் சொல்லி இரண்டு மாதம் ஆகியிருந்தது. கதவில் ஒரு சிவப்பு நோட்டீசை ஒட்டிவிட்டுப் போனாள்.

ஆறே நாளில் லிஃப்ட் ஓடியது. 'நீங்கள் பேசினீர்கள், நாங்கள் கேட்டோம்' என்று பலூன் மெயில் போனது.

அதை நஜ்முதீன் பார்க்கவில்லை. பதினாறாம் தேதியே டிஃபனி அம்மையார் வீடியோவில் வந்து, அவருடைய வெளிப்படையான இயல்பை கம்பெனி மிகவும் மதிப்பதாகவும், அது இன்னும் பெரிய வானத்தில் பறக்க வேண்டியது என்றும் சொல்லியிருந்தார். ஆதர்ஷ் அட்டைத் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றான். நஜ்முதீன் தொப்பியை வாங்கிக்கொள்ளாமல் கருவிப் பெட்டியை மட்டும் எடுத்துக்கொண்டார். இன்ஷூரன்ஸ் அன்றோடு முடிந்தது. பதினேழாம் தேதி ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. ஆபரேஷன் நாளை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். வலி வராமலிருக்க ஷம்சாத் எண்ணெய் இல்லாமல் மீன் குழம்பு வைக்கப் பழகிக்கொண்டாள்.

ஏப்ரலில் ஒருநாள் மதியம். குறைந்த வருமானக்காரர்களுக்கான கவுன்டி கிளினிக்கில், பிளாஸ்டிக் நாற்காலியில் இருவரும் காத்திருந்தார்கள். நஜ்முதீனின் போன் அடித்தது. அனந்தலக்ஷ்மி மாமி.

"நஜ்முதீன், லிஃப்ட் ஜோரா ஓடறதுப்பா. நேத்திக்கு நானே தனியா கீழ போய் தபால் எடுத்துண்டு வந்தேன்."

"சந்தோஷம் மாமி. கை எப்படி இருக்கு?"

"இன்னும் கட்டுலதான். அது போறது. உங்க கம்பெனியப் பத்தி அஞ்சு ஸ்டார் போட்டிருக்கேன், பாத்தியோ? பொண்ணுதான் டைப் பண்ணினா. நஜ்முதீன் மாதிரி மனுஷாளை வச்சிருக்கற கம்பெனி நன்னாயிருக்கணும்னு எழுதச் சொன்னேன்."

நஜ்முதீன் சுவரில் ஒட்டியிருந்த கை கழுவும் படத்தைப் பார்த்தார்.

"சமையல்கட்டுக் குழாய் சொட்டறது. யாரோ புதுப் பையன் வந்தான். உன்னக் கேட்டா, இப்ப இங்க இல்லேங்கறான். படம் மட்டும் கீழ அப்படியே இருக்கு. என்னப்பா, ப்ரமோஷனா?"

பக்கத்தில் ஷம்சாத் வயிற்றை ஒரு கையால் அமுக்கிக்கொண்டு அவரையே பார்த்தாள். போனிலிருந்து மாமியின் குரல் அவளுக்கும் கேட்டது.

உள்ளதைச் சொன்னால் என்ன ஆகும் என்று நஜ்முதீனுக்குத் தெரியும். மாமி தன்னால்தான் என்பாள். சார் தடியை ஊன்றிக்கொண்டு நியாயம் கேட்க ஆபீசுக்குப் போவார். முறிந்த கையோடு அந்தம்மா ராத்திரியெல்லாம் தூங்காது.

"ஆமா மாமி" என்றார். "கொஞ்சம் பெரிய இடம்."

"எனக்குத் தெரியும், தெரியும் எனக்கு! இவர்ட்ட அன்னிக்கே சொன்னேன். நன்னா இரு."

போன் வைக்கப்பட்டது. உள்ளேயிருந்து நர்ஸ் ஒருத்தி எட்டிப் பார்த்து நாற்பத்தொன்று என்று கூப்பிட்டாள். ஷம்சாத் கையிலிருந்த சீட்டைப் பார்த்தாள். நாற்பத்தாறு.

"இன்னும் அஞ்சு பேர்" என்றாள். சற்று நகர்ந்து, அவர் வீங்கிய காலை நீட்டிக்கொள்ள இடம் விட்டாள்.